ஒன்பதாவது மாடியில் ஒரு வேம்பு

நீங்கள் கேட்டது இது: திருநெல்வேலி பெருமாள்புரம் பக்கம் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்று வரப்போகிறது. பால்கனிக்குப் பால்கனி மரம், சுவர் முழுக்கச் செடி என்று படம் போட்டு விளம்பரம் செய்கிறார்கள். அதற்காகச் சதுர அடிக்குக் கூடுதல் விலையும் கேட்கிறார்கள். இது சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நல்லதா? நம்ம ஊருக்குச் சரிப்படுமா?

நான் இருபத்தைந்து வருஷமாகத் திருநெல்வேலிச் சீமையில் கட்டட வேலை பார்க்கிறவன். கம்பிக் கணக்கு போடுவது தொழில், செடி வளர்ப்பது வீட்டுப் பழக்கம். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செடியால் வரும் நன்மை உண்மை. அதை உயரத்தில் கொண்டுபோய் வைக்க ஆகும் செலவும் உண்மை. தரையில் வேர்விட்டுச் சுவரில் ஏறுகிற கொடியும், ஒன்பதாவது மாடித் தொட்டியில் நிற்கிற மரமும் தெருவிலிருந்து பார்க்க ஒரே பச்சைதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உங்களுக்குக் காட்டிய படத்துக்கு மூலமான கட்டடம் இத்தாலியின் மிலன் நகரத்தில் இருக்கிறது. ஸ்டெஃபனோ போயரி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த 'போஸ்கோ வெர்டிகாலே', அதாவது செங்குத்துக் காடு, 2014இல் திறக்கப்பட்டது. இரண்டு கோபுரங்கள்; பெரியது சுமார் 110 மீட்டர் உயரம். அதில் ஏறக்குறைய 800 மரங்கள், 5,000 புதர்கள், 15,000 சிறு செடிகள். படத்தில் தெரிவது இவ்வளவுதான். படத்தில் தெரியாததைத்தான் நாம் பார்க்க வேண்டும். வைக்கப்போகிற மரம் அந்த உயரக் காற்றைத் தாங்குமா என்று முன்கூட்டியே காற்றுச் சுரங்கத்தில், அதாவது செயற்கையாகப் பலத்த காற்று வீசவைக்கிற கூடத்தில், வைத்துச் சோதித்தார்கள். வேர்ப்பந்தைத் தொட்டியோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வருஷத்தில் சில தடவை கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி, அந்தரத்தில் தொங்கியபடி கிளை வெட்டுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். பூச்சிமருந்து அடிக்காமல் பொறிவண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், மரங்களைப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பில் இல்லை. பொதுவில் ஒரே கையில் இருக்கிறது. வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு கிளையை வெட்ட முடியாது.

இதே யோசனையைச் சீனாவின் செங்டு நகரத்தில் செய்து பார்த்தார்கள். எட்டுக் கோபுரங்கள், 826 வீடுகள், 2018இல் கட்டி முடித்தது. 2020இல் செய்தியில் வந்தபோது அதில் பத்துக் குடும்பம் அளவுக்குத்தான் குடியிருந்தது. ஆள் இல்லாத வீட்டுப் பால்கனியில் செடிகள் தம்பாட்டுக்கு வளர்ந்து தொங்கின. கொசு மண்டிவிட்டது. மிலனில் இருந்ததும் செடிதான், செங்டுவில் இருந்ததும் செடிதான். ஒன்றில் கத்தரிக்கோலோடு ஆள் இருந்தார், மற்றதில் இல்லை.

சரி, நன்மைக்கு வருவோம்.

முதல் நன்மை நிழல். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது டிகிரிகூட இல்லை. சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்டு கடைசியில் இன்னொரு தடவை. ஆகவே இங்கே வீட்டைச் சுடவைப்பதில் முதலிடம் மட்டப்பாவுக்கு, அதாவது மொட்டை மாடித் தளத்துக்கு. அடுத்தது சாயங்கால வெயில் அடிக்கிற மேற்குச் சுவர். தனி வீட்டில் மட்டப்பாவைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது. அடுக்குமாடியில் மட்டப்பா சுடுவது கடைசி மாடிக்காரருக்கு மட்டும்தான். மற்ற எட்டு மாடிக்கும் மேற்குச் சுவர்தான் எதிரி. அதனால் உயரமான கட்டடத்தில் சுவர்ப் பச்சைக்கு நியாயம் உண்டு, இதை நான் மறுக்கவில்லை. சிங்கப்பூரில் எட்டு விதமான பச்சைச் சுவர்களை வரிசையாக நிறுத்தி அளந்தபோது, வெறும் சுவரைவிடச் செடி மூடிய சுவரின் மேற்பரப்பு அதிகபட்சமாக 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தது. பொழுது சாய்ந்த பிறகும் நம் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும் அல்லவா, அந்தச் சூடு ராத்திரி பத்து, பதினொரு மணி வரை அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இலை மறைத்த சுவர் அந்தச் சூட்டை அவ்வளவு வாங்கி வைப்பதில்லை.

இரண்டாவது, இலை விடுகிற ஈரம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது சுற்றுப்புறத்திலிருந்து ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை எட்டு லிட்டர் தண்ணீர் ஆவியாகி எடுத்துவிடும். ஏசி அந்த வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது, செடி அப்படிச் செய்வதில்லை. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எங்கள் வீட்டு வாசல் வேம்பை நான் பார்த்த பார்வையே மாறிப்போனது. ஆனால் ஒன்று: செடி குளிர வைப்பது வெளிக் காற்றை, உங்கள் படுக்கையறையை அல்ல. மாடி உயர உயர அந்தக் குளிர்ச்சியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். தெருவில் நடக்கிறவன் தலைக்கு மேல் நிற்கிற மரம் அவனுக்குக் குளிர்ச்சி தரும். எண்பதடி உயரத்தில் நிற்கிற மரம் அவனுக்கு எதுவும் தராது.

தூசியை இலை பிடிக்கும், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. பறவை வரும், தேனீ வரும். மனசுக்கு நல்லது என்பதை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு மரம் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று படுத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது தண்ணீர். நம்ம ஊருக்கு இதுதான் பெரிய விஷயம்.

மிலனில் வருஷம் முழுக்கப் பரவலாக மழை உண்டு. சிங்கப்பூரில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதுவும் எல்லா மாதமும். திருநெல்வேலி நகரத்தில் அதில் பாதிகூட இல்லை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது என்று நாம் பஸ் ஏறிப் போகிறோம். அதே நாளில் பாளையங்கோட்டையில் வருவது காற்று மட்டும்தான். மலை ஈரத்தை இறக்கிக்கொண்டு வறண்ட காற்றை நம் பக்கம் அனுப்புகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற காற்றை நம்பித்தான் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் நிற்கின்றன. அம்மியே பறக்கும் என்கிற ஆடிக்காற்றில் ஒன்பதாவது மாடித் தொட்டிச் செடியின் இலையிலிருந்து ஈரம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். தரையிலுள்ள மரம் வேரை ஆழமாக அனுப்பித் தப்பிக்கும். தொட்டி மரத்துக்குப் போக இடமில்லை.

சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தில் 500 சதுர மீட்டர் பச்சை இருந்தால் நாளுக்கு 3,000 லிட்டர். ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் கணக்கு. ஆக, இருபத்திரண்டு பேர் புழங்குகிற தண்ணீரைச் செடி குடிக்கும். மேலே ஏற்றுகிற கரண்டு செலவைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், அது பெரிதில்லை. ஆயிரம் லிட்டரை நூறடி உயரத்துக்கு ஏற்ற கால் யூனிட்கூட ஆகாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க வேண்டியது. போர் தண்ணீர் உப்பு. மிச்சமிருப்பது குளித்த, துவைத்த தண்ணீரைச் சுத்திகரித்துத் திருப்பிவிடுவது ஒன்றுதான். அதைச் செய்கிற கட்டடமானால் நான் கைதட்டுவேன். ஏனென்றால் சாக்கடைக்குப் போகிறது குளிர்ச்சியாக மாறுகிறது.

உப்பு என்றேனே, அதில் ஒரு அனுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு கடைக் கட்டடத்தின் முன்சுவரில் இருபதடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் வைத்தார்கள். சுவர் எடை தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். வரிசை வரிசையாகச் சட்டம், அதில் நாலு அங்குல ஆழத்துக்குப் பைகள், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும், மேலிருந்து கீழ்வரை சொட்டுநீர்க் குழாய். கார்த்திகையில் வைத்தது, மாசி வரை கண்ணைப் பறித்தது. ஆட்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். பங்குனியில் இலை நுனி கருக ஆரம்பித்தது. ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மோட்டார் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் போய்ப் பார்த்தபோது மேல் நாலு வரிசையும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு சொட்டுவானைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே ஊசி நுழையும் துளையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்பு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மோட்டார் நிற்காமல் இருந்திருந்தாலும் பாதிச் செடிக்கு ஏற்கனவே தண்ணீர் போய்க்கொண்டிருக்கவில்லை. இரண்டு தடவை புதுச் செடி வைத்தார்கள். மூன்றாவது தடவை சட்டத்தையே கழற்றினார்கள். பின்னால் சுவரில் போல்ட் போட்ட துளைகளைச் சுற்றி ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்திருந்தது. எடையை மட்டும் பார்த்தேன், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

இப்போது எடை. ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய ஐம்பது கிலோ, அதாவது ஒரு சிமெண்டு மூட்டை. நம் நாட்டு விதிப்படி வீட்டுப் பால்கனியை ஆள், சாமான் பாரத்துக்கு வடிவமைப்பது சதுர மீட்டருக்கு 300 கிலோ; சதுர அடிக்கு 28 கிலோ என்று வரும். ஓரடி ஆழத்துக்கு மண் கொட்டினாலே இரண்டு பங்கை நெருங்குகிறது. மரத்துக்கு மூன்றடி ஆழமாவது வேண்டும். ஐந்தடிக்கு ஐந்தடி தொட்டி ஒன்று, மழை பெய்து ஊறினால், நாலு டன்னை நெருங்கும், மரத்தின் எடை தனி. அதுவும் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற தளத்தின் நுனியில்! காற்றில் மரம் ஆடும்போது வருகிற இழுப்பு வேறு. (சாதாரணப் பால்கனியில் குடிவந்த பிறகு பெரிய தொட்டி கட்டுகிறவர்களுக்கும் இதுதான் பதில்: தயவுசெய்து வேண்டாம்.) தளத்தைத் தடிப்பாக்க வேண்டும், உத்தரம், தூண், அஸ்திவாரம் என்று ஒவ்வொன்றாகக் கீழே வரை பாரம் இறங்கும்.

கரியமில வாயுக் கணக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. தாழையூத்தில் 1949 முதல் சிமெண்டு ஆலை இருக்கிறது; சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் சிமெண்டு என்பது இந்தச் சீமையில் பலருக்கும் தெரியும். சுடும்போது கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது, சுடுவதற்கு எரிக்கும் நிலக்கரியின் புகை அதற்கு மேல். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டின் பங்கு. கம்பியோடு சேர்ந்த ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 400 கிலோ என்று வைக்கலாம். நல்ல தரையில் வளர்கிற மரம் வருஷத்துக்குப் பத்திலிருந்து இருபது கிலோ வரை உள்ளே இழுக்கும். மாடியில் ஒரு மரத்துக்காகக் கூடுதலாக ஒரு கன மீட்டர்தான் ஆகிறது என்று தாராளமாக வைத்தாலும், அந்தக் கடனை அடைக்கவே இருபது முதல் நாற்பது வருஷம். தொட்டியில் வேர் அடைபட்டு, வருஷாவருஷம் கிளை வெட்டப்படுகிற மரம் அவ்வளவுகூட வளராது. ஆகவே 'இந்தக் கட்டடம் காற்றைச் சுத்தம் செய்கிறது, கார்பனை உறிஞ்சுகிறது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிழலும் குளிர்ச்சியும்தான் இதன் பலன். கார்பன் கணக்கில் இது செலவுப் பக்கம்.

இதை வெளிநாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சைச் சுவர் வகைகளைப் பொருள் தயாரிப்பிலிருந்து கழித்துப்போடுவது வரை ஒப்பிட்டார்கள். தரையிலிருந்து நேராகச் சுவரில் ஏறும் கொடிக்குச் சுற்றுச்சூழல் சுமை மிகக் குறைவு. துணிப்படுகை வைத்த சுவர்த் தோட்டத்துக்குச் சுமை அதிகம். கொடி ஏற வலை கட்டினால்கூட, அது துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் சுமை கூடிவிடுகிறது.

தண்ணீர் ஒழுக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நம் கோயில் கோபுரங்களில் அரசங்கன்று முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காக்கை எச்சத்தில் விழுந்த விதை, சுதைக்கு நடுவே ஒரு விரல்கடை ஈரம் கிடைத்தால் போதும், வேர் இறங்கிக் கல்லையே விலக்கிவிடும். கும்பாபிஷேகத் திருப்பணியில் அதைப் பிடுங்கி எடுப்பதே ஒரு வேலை. செடிக்கும் கட்டடத்துக்கும் நடுவில் வேரும் ஈரமும் தாண்டாத தடுப்பு இல்லையென்றால் இதேதான் நடக்கும், நிதானமாக.

மழை வெள்ளத்துக்கு உதவுமா என்று கேட்பார்கள். நாலைந்து அங்குல மண் உள்ள மட்டப்பாத் தோட்டம் சாதாரண மழையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து மெல்ல விடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு எந்த மாடித் தோட்டமும் எம்மாத்திரம்? அதற்கு இருந்தவை குளங்களும் வயல்களும்தான். இதையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும்: நெல்வயலில் மண்ணடித்து எழுப்பிய கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் மரம் வைத்துவிட்டு அதைப் 'பசுமைக் கட்டடம்' என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மனை எங்கே, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் கொசு. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் நிற்கும், ஒரு வாரத்தில் புழு நெளியும். டெங்கு கொசுவுக்குக் குளம் வேண்டாம், தட்டுத் தண்ணீர் போதும். தொட்டி வடிகால் நேராகக் குழாய்க்குள் போக வேண்டும்.

அப்படியானால் நம்ம ஊருக்கு எது சரி? நிலம் பொன் விலை விற்கிற, மாதக் கணக்கில் காயாத சிங்கப்பூருக்கு உயரத்துப் பச்சை பொருந்துகிறது. அங்கே 2016இல் திறந்த ஒயாசியா ஹோட்டலில் கோபுரத்தைச் சுற்றிச் சிவப்பு அலுமினிய வலை கட்டிக் கொடிகளை ஏற்றியிருக்கிறார்கள். வெளிச்சுவரின் பச்சைக்குக் கொடிகள்தான், பெரிய மரங்கள் அல்ல. அந்தத் திசையில்தான் நாமும் யோசிக்க வேண்டும், இன்னும் தாழ்வாக. மேற்குச் சுவரடியில் மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டு போடாமல் மண்ணை விட்டுவைக்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு பந்தல் அல்லது கயிற்று வலை. ரங்கூன் மல்லி, காகிதப்பூ, பிச்சி, சங்குப்பூ எல்லாம் இந்த வெயிலுக்குப் பழகியவை. மூன்று மாடி வரை தரையிலிருந்தே மூடிவிடலாம். அதற்கு மேல் பால்கனி ஓரத்தில் ஓரடி ஆழத் தொட்டி, அதையும் முதலிலேயே தளத்தின் கணக்கில் சேர்த்து. பிரண்டை மாதிரித் தண்ணீர் கேட்காத கொடிகள் உயரத்துக்கு நல்லவை. மரம் வேண்டுமா, மனையைச் சுற்றி வேம்பும் புங்கையும் பூவரசும். தாமிரபரணிக் கரையில் நிற்கிற மருதமரங்களுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? மட்டப்பாவுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே கடைசி மாடிச் சூடு கணிசமாகக் குறையும். தோட்டத்தைவிட அது எத்தனையோ மடங்கு மலிவு.

கட்டுகிறவரிடம் போனால் இவற்றைக் கேளுங்கள்: செடிக்குத் தண்ணீர் குழாய்த் தண்ணீரா, போரா, சுத்திகரித்ததா? போர் என்றால் உப்பு அளவு பார்த்தார்களா? தொட்டிப் பாரம் தளக் கணக்கில் ஈரமண் எடையாகச் சேர்ந்திருக்கிறதா? அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாவது வருஷம் கயிற்றில் இறங்கிக் கிளை வெட்டுவது யார், அதற்கு மாதப் பராமரிப்பில் எவ்வளவு? பால்கனிக்காரர் கிரில் போட்டு அடைத்துக்கொண்டால் செடிக்கு யார் பொறுப்பு? இதற்கெல்லாம் பதில் எழுத்தில் வந்தால் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை. படத்தை மட்டும் திரும்பக் காட்டினால், சாதாரண வீட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பணத்தில் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு நல்ல நிழல் மறைப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன கடைக் கட்டடத்தில் சட்டத்தைக் கழற்றிய பிறகு, சுவரோரம் இரண்டடிக்குத் தளக்கல்லைப் பெயர்த்துவிட்டு மூன்று ரங்கூன் மல்லிப் பதியன் வைத்தோம். இரண்டு வருஷத்தில் இரண்டாவது மாடி ஜன்னலைத் தொட்டுவிட்டது. சாயங்காலம் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் ரோஜா நிறமாகி, அப்புறம் நன்றாகச் சிவந்துவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். கடை வாட்ச்மேன் காலையில் முகம் கழுவுகிற தண்ணீரைத்தான் அதன் தூரில் விடுகிறார்.